கிளட்ச் அக்காவும் ஐந்தாவது கியரும்

மலேசியாவின் கோலா சிலாங்கூர் வட்டாரத்தில் இன்று ஐம்பது வயதைத் தாண்டிய தமிழர் யாரையாவது நிறுத்தி, "உங்களுக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தது யார்?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் வருவதற்கு முன்னால் அவருடைய இடது கால் தானாகத் தரையை ஒரு மிதி மிதிக்கும். கிளட்ச் அக்காவிடம் படித்தவர் என்று புரிந்துகொள்ளலாம்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்தது. பயிற்சிக் காரின் கதவில் பெரிய எழுத்தில் எழுதியும் வைத்திருந்தார். ஆனால் காலை ஏழு மணியிலிருந்து மாலை ஆறு மணி வரை பஸ் நிலையம், மீன் சந்தை, மெலாவாத்தி மேடு என்று ஊர் முழுக்க அவர் குரலில் கேட்ட ஒரே சொல் "கிளட்ச்!" என்பதுதான். அக்கா சந்தை முனையில் கத்தினால் எதிரே வரும் லோரி டிரைவர்களும் கிளட்சை மிதித்துவிடுவார்கள். தோட்டத்தில் வளர்ந்த குரல் அது. அவர் அப்பா தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர். நூறு பால்மரத்துக்கு அப்பால் இருப்பவரை ஒரே கூப்பாட்டில் திரும்ப வைப்பவர். மகளுக்குச் சீதனமாக அந்தக் குரலைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

ஆள் குள்ளம். சேலைக்கு மேலே கணவருடைய காக்கிச் சட்டை. உட்காரும் இருக்கையில் இரண்டு தலையணை. கணவர் சாலை போடும் ரோலர் ஓட்டுபவர். நாங்கள் அவரை ரோலர் மாமா என்போம். மணிக்கு மூன்று மைல் வேகம். பேச்சும் அதே வேகம்தான். காலையில் "பசியாறிட்டியா?" என்று ஆரம்பித்தால் கேட்டு முடிக்கும்போது மதியச் சாப்பாடு ஆகியிருக்கும்.

அப்போது நான் செம்பனை எண்ணெய் ஆலையில் சின்னக் கிராணி, அதாவது குமாஸ்தா. ஓட்டுநர் தேர்வில் மூன்று தடவை தோற்றவன். முதல் தடவை கம்பத்தைச் சாய்த்தேன். இரண்டாவது தடவை எல்லாக் கம்பங்களையும் சாய்த்தேன். மூன்றாவது தடவை ஒரு பிழையும் இல்லாமல் ஓட்டி முடித்து, இறங்கி, அதிகாரிக்கு நன்றி சொன்னேன். கார் நிற்கவில்லை. அதிகாரியையும் ஏற்றிக்கொண்டு அது மெதுவாக உருண்டு வேலியில் போய்ச் சாய்ந்தது. ஹேண்ட் பிரேக்கை மறந்திருந்தேன்.

நான்காவது சுற்றுப் பாடத்தில் ஒரு நாள், ஆ செங்கின் ஒர்க்‌ஷாப் வாசலில் அக்கா திடீரென்று தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்தார்.

"அது என்னா காடி, தம்பி?"

ரம்புத்தான் மரத்தடியில் சிவப்பு நிறத்தில் ஒரு ஜப்பான் கார் கிடந்தது. இரண்டே கதவு. உட்கார்ந்திருக்கும் தவளை மாதிரித் தாழ்ந்த உடம்பு. ஒரு பக்கம் கரும்பைக் கடித்துத் துப்பியது போல நசுங்கியிருந்தது. ஏதோ ஒரு தோட்டத்துத் துரை ஆசைக்கு வாங்கி, மூன்றாம் மாதமே பெரிய கால்வாயில் இறக்கிவிட்டுப் போன டர்போ கார்.

"அக்கா, இது காடி இல்ல லா. சாவு," என்றார் ஆ செங். அவர் தோட்டத்துத் தமிழர்களின் லயங்களுக்குப் பக்கத்தில் வளர்ந்த சீனர்; கடை முதலாளி என்பதால் எங்களுக்குத் தவுக்கே. நம்மைவிட நன்றாகத் தமிழில் திட்டுவார்.

அக்கா உடைந்த கண்ணாடி வழியாகத் தலையை உள்ளே விட்டுப் பார்த்தார். "இதுல எத்தன கியரு?"

"அஞ்சு."

"அஞ்சா?"

அக்கா அந்தக் கியர்க் குச்சியைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தார். கடைசியில் ஐந்தாவதில் தள்ளிவிட்டு அப்படியே நின்றார்.

"பதிமூணு வருசமா சொல்லிக் குடுக்குறேன், தவுக்கே. ஒன்னு, ரெண்டு. ஒன்னு, ரெண்டு. எப்பவாச்சும் மூணு. என் காடியில நாலோட முடிஞ்சிருது. அந்த நாலப் போட்டாலே இவனுங்களுக்குப் பிரேக்கு மறந்துருது. அஞ்சு எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாது."

அடுத்த வாரம் அக்காவின் கழுத்தில் ஒரு சங்கிலி குறைந்திருந்தது. சிவப்புக் கார் அக்காவுடையதாகியிருந்தது.

ஊருக்குத் தலைகால் புரியவில்லை. காரணம், அக்கா சாலையில் வேகமே போக மாட்டார். போகவும் முடியாது. "ஸ்பீடுக்கு ஒரு சம்மன் வாங்குனேன்னு வையி, கத்துக் குடுக்குற பெர்மிட் போச்சு. அப்புறம் நான் ரோலர்ல மாமாவுக்குப் பக்கத்துல உக்காந்து போக வேண்டியதுதான்" என்பார். அவர் குறி வேறு. ஷா ஆலம் பக்கம் ஒரு பந்தயத் தளம் இருந்தது. ஆண்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, கார் வைத்திருக்கும் யார் வேண்டுமானாலும் அங்கே வந்து நேரம் பார்த்து ஓட்டலாம். அந்தத் தளத்தின் நேர்ப்பாதையில், முழு வேகத்தில் ஐந்தாவது கியரைப் போட வேண்டும். அக்கா கேட்டது அவ்வளவுதான்.

மாணவர்களுக்கு அக்கா ஒரு நீள நோட்டுப் புத்தகம் வைத்திருந்தார். ஆளுக்கு ஒரு பக்கம். காருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, பெயர் என்ற இடத்தில் 'சிவப்பு' என்று எழுதினார். கீழே நான்கு ஸ்டேஜ். "ஒரு ஸ்டேஜ் பாஸ் பண்ணாம அடுத்த ஸ்டேஜ் கெடையாது. உனக்கு எப்படியோ அதே மாதிரிதான் இதுக்கும்" என்றார் என்னைப் பார்த்து.

நசுங்கிய பக்கத்தை நிமிர்த்தி, எஞ்சினைச் சுத்தம் செய்து முடித்ததும் ஆ செங் கைகளைத் தேய்த்துக்கொண்டு வந்தார்.

"மொத ஸ்டேஜ் என்னா அக்கா? பெரிய டர்போ?"

"பிரேக்கு."

"பிரேக்கா? எல்லாப் பயலும் வந்து குதிரை சக்தி குடு, குதிரை சக்தி குடுன்னு கேக்குறான். நீங்க என்னா பிரேக் கேக்குறீங்க?"

"மொதல்ல நிக்கணும் தவுக்கே. அப்புறம்தான் ஓடணும்."

ஐந்து மாதம் பிரேக்கும் டயரும் மட்டுமே நடந்தது. பாதியாக வெட்டி விற்கும் பழைய பெரிய கார் ஒன்றின் ஹாஃப்-கட்டிலிருந்து தட்டுத் தட்டாகப் பிரேக் வட்டுகளைக் கொண்டுவந்து பொருத்தினார்கள். ஐந்து மாதத்தில் கார் ஒரு மைல்கூடக் கூடுதல் வேகம் போகவில்லை என்று காப்பிக் கடையில் சிரித்தார்கள். ஒரு நாள் அக்கா என்னை ஏற்றிக்கொண்டு போய் நின்று காட்டினார். கார் நின்றது, நான் நின்றேன், என் மூக்குக் கண்ணாடி நிற்கவில்லை. முன்கண்ணாடியில் மோதி டேஷ்போர்டில் விழுந்தது.

"பாஸ்," என்று நோட்டில் எழுதினார் அக்கா.

இரண்டாவது ஸ்டேஜ் மூச்சு. எஞ்சினுக்குள் காற்று தாராளமாகப் போக ஒரு வடிகட்டி, புகை தாராளமாக வெளியேற அகலமான குழாய், டர்போவின் அழுத்தம் ஒரு துளி கூடுதல். இதைச் சோதிக்க இடம் வேண்டுமே? எங்கள் ஆலையிலிருந்து பெரிய சாலை வரை தோட்டத்துக்குச் சொந்தமான தார்ச்சாலை ஒன்று உண்டு. இரண்டு கட்டை, அதாவது இரண்டு மைல் தூரம், கோடு போட்டது போல் நேர். அக்கா தோட்ட மானேஜரிடம் போய் ஞாயிற்றுக்கிழமை காலை வேளைக்கு மட்டும் அனுமதி கேட்டார். மானேஜரின் மனைவிக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்தவர் அக்கா. மானேஜர் ஒரே நிபந்தனை போட்டார்: "மாடு மேல படக்கூடாது."

அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவின் மாணவர்கள் அனைவருக்கும் கட்டாய வேலை. ஒவ்வொரு குறுக்குப் பாதையிலும் ஒருவர் சிவப்புத் துணியுடன் நிற்க வேண்டும். ஒரு தையல்காரர், ஒரு பள்ளி ஆசிரியை, கோயில் பூசாரி, நான். பூசாரிக்கு மாடு வந்தால் விரட்ட மனம் வராது. கையெடுத்துக் கும்பிட்டு, "தயவுசெஞ்சு கொஞ்சம் நில்லும்மா" என்பார். ஆச்சரியம் என்னவென்றால் அவர் பக்கத்து மாடுகள் மட்டும்தான் நின்றன.

முதல் ஓட்டத்தில் கார் விசில் அடித்துக்கொண்டு போனது. அக்கா ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் டர்போ பெரிதாக ஒரு தும்மல் போட்டது. லயத்திலிருந்து ஒரு கிழவி ஓடிவந்து, "ஏம்மா, காடிக்குச் சளியா? கசாயம் வெச்சித் தரட்டா?" என்று கேட்டாள்.

இரண்டாவது ஸ்டேஜில் கார் இரண்டு தடவை ஃபெயில். ஒரு தடவை குழாய் கழன்றது. இன்னொரு தடவை காரில் ஒரு குறையும் இல்லை. கியர் மாற்றும்போது தான் அவசரப்பட்டதாகச் சொல்லித் தனக்கே ஃபெயில் போட்டுக்கொண்டார். அதே மாதம் நானும் நான்காவது தடவை தோற்றேன். "ரெண்டு பேரும் ஒரே வகுப்புலதான் இருக்கீங்க," என்றார்.

மூன்றாவது ஸ்டேஜில்தான் கண் பட்டது. டர்போ காற்றை அமுக்கும்போது காற்று சூடாகிவிடும். அதைக் குளிர வைத்து உள்ளே அனுப்பினால் பலம் கூடும். அதற்காக ஒரு பெரிய இன்டர்கூலரை முன்பக்கம் பம்பரை அறுத்துப் பொருத்தினார்கள். காற்று கூடினால் பெட்ரோலும் கூட வேண்டும். எஞ்சினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் பெரிய ஊசிகள் இன்னும் வந்து சேரவில்லை. "அது வர்ற வரைக்கும் அழுத்தத்த தொடாதீங்க" என்று அக்கா மூன்று தடவை சொல்லியிருந்தார்.

ஆ செங்கிற்கு அக்கா மேல் அன்பு அதிகம். அந்த அன்பில் யாரிடமும் சொல்லாமல் அழுத்தத்தைக் கூட்டும் திருகாணியை ஒரு சுற்று சுற்றிவிட்டார்.

அந்த ஞாயிறு கார் எங்களைத் தாண்டிப் போன வேகத்தில் தையல்காரர் கையில் இருந்த சிவப்புத் துணி பறந்து செம்பனையில் மாட்டிக்கொண்டது. அடுத்த நொடி ஒரு வெடிச்சத்தம். சாலை முழுக்க வெள்ளைப் புகை. நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது அக்கா காரை ஓரமாக நிறுத்தி, மறக்காமல் சிக்னல் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்துவிட்டு இறங்கிக்கொண்டிருந்தார்.

ஆ செங் மூச்சிரைக்க வந்தார். "அக்கா... நான்தான் கொஞ்சம் கூட வெச்சேன். ஃப்ரீயா. உங்களுக்கு சந்தோசமா இருக்கும்னு..."

அக்கா அவரைத் திட்டவில்லை. அதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது. நோட்டை எடுத்து 'ஃபெயில்' என்று எழுதினார். 

எஞ்சினைப் பிரித்தால் ஒரு பிஸ்டனின் தலையில் கட்டைவிரல் நுழையும் ஓட்டை. மற்ற பாகங்களிலும் கீறல். "விட்டுருங்க அக்கா. எஞ்சின் முடிஞ்சிது," என்றார் ஆ செங், கண்ணைத் துடைத்துக்கொண்டே. அக்கா அந்த ஓட்டைப் பிஸ்டனைக் கழுவித் துடைத்துப் பயிற்சிக் காரின் டேஷ்போர்டில் வைத்தார். அதற்குப் பிறகு புதிதாகச் சேரும் எவரும் முதல் நாள் அதைக் கையில் பிடித்துப் பார்க்க வேண்டும். "அவசரப்பட்டா என்னா ஆவும்னு தெரிஞ்சிக்க. ம்ம், இப்ப கிளட்ச்!"

அதன் பிறகு ஓராண்டு அக்கா உழைத்ததை நான் பார்த்திருக்கிறேன். பாடம் ஏழு மணிக்கு ஆரம்பித்தது ஆறு மணிக்கு வந்தது. மதியச் சாப்பாடு ஸ்டியரிங்கில் வைத்துச் சாப்பிடும் ரொட்டியாகச் சுருங்கியது. மாலையில் ஆ செங்கின் கடையில் முழங்கை வரை கிரீஸ். வேறொரு எஞ்சின் வந்தது. அதற்குப் பலமான பிஸ்டன்கள் வந்தன. ஊசிகள் வந்தன. ஆ செங் இப்போது எதைத் தொடுவதற்கு முன்னாலும், "அக்கா, தொடட்டா?" என்று கேட்டார். எச்சில் துப்புவதற்குக்கூடக் கேட்டதாக ஊரில் பேச்சு.

ரோலர் மாமா இதிலெல்லாம் வாயே திறக்கவில்லை. அவருக்குக் கார் பிடிக்கவில்லை என்றுதான் நாங்கள் நினைத்தோம். மறுபடியும் சோதனை ஓட்டத்துக்குப் போன ஞாயிறன்று, அக்கா தோட்டச் சாலையின் தொடக்கத்தில் காரை நிறுத்திவிட்டு இறங்கிப் பார்த்தார். குழிகளைக் காணோம். இரண்டு கட்டை தூரமும் கேரம் பலகை மாதிரி இருந்தது.

"யாரு இந்த ரோட்டச் சரி பண்ணது?"

நாங்கள் மாமாவைப் பார்த்தோம். எங்களுக்குத் தெரியும். தோட்டத்துக் கொட்டகையில் துருப்பிடித்துக் கிடந்த பழைய ரோலரை மாமா மானேஜரிடம் கேட்டு வாங்கிப் பழுது பார்த்து, நான்கு சனிக்கிழமை முழுக்க அதில் உட்கார்ந்து போய் வந்துகொண்டிருந்தார்.

மாமா வானத்தைப் பார்த்தார். அவர் வேகத்தில் யோசித்தார்.

"மழ... பேஞ்சிருக்கும்," என்றார்.

அக்கா திரும்பிக் காருக்குள் ஏறிக்கொண்டார். கதவைச் சாத்தியவர், கண்ணாடியில் மாமாவை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் எஞ்சினைக் கிளப்பினார்.

மூன்றாவது ஸ்டேஜ் அன்று பாஸ். நான்காவது ஸ்டேஜான பெரிய டர்போ, அடுத்த நான்கு மாதத்தில் பாஸ். அந்த ஆண்டுக்கான பந்தயத் தள ஞாயிறும் வந்தது.

கோலா சிலாங்கூரிலிருந்து ஷா ஆலம் வரை அக்கா முப்பது மைல் வேகத்தைத் தாண்டவில்லை. பின்னால் வேனில் வந்த எங்களுக்கே தூக்கம் வந்துவிட்டது. சைக்கிளில் போன ஒருவர் எங்களை முந்திவிட்டு, இரக்கத்தோடு திரும்பிப் பார்த்தார்.

தளத்தில் இளைஞர்கள் கறுப்புக் கண்ணாடியும் கையுறையுமாகத் திரிந்தார்கள். அக்கா காக்கிச் சட்டையோடு இறங்கி, டிக்கியிலிருந்து இரண்டு 'L' பலகைகளை எடுத்து முன்னும் பின்னும் ஒட்டினார். சிரிப்பு எழுந்தது. பதிவு மேசையில் இருந்தவர் மாமாவிடம் தலைக்கவசத்தை நீட்டினார்.

"ஐயையோ, நா... இல்ல," என்றார் மாமா.

"நான்தான் ஓட்டுறேன்," என்றார் அக்கா. "இந்த ரோட்டுக்கு நான் புதுசு. அதான் எல் போர்டு."

ஒருவரைப் பக்கத்தில் ஏற்றிக்கொள்ளலாம் என்றார்கள். அக்காவின் பார்வை கூட்டத்தைத் துழாவியது. நான் பூசாரிக்குப் பின்னால் மறைந்தேன். பலிக்கவில்லை.

"தம்பி, நீ வா. உனக்கு ஓட்டத் தெரியாம இல்ல, பயம். அத இன்னிக்கே முடிச்சிருவோம் லா."

இறுக்கிக் கட்டிய பெல்ட்டுக்குள் நான் குலதெய்வங்களை வரிசையாகக் கூப்பிட்டேன். அக்கா கண்ணாடியைச் சரிசெய்தார். சிக்னல் போட்டார். தோளுக்கு மேலே திரும்பிப் பார்த்தார். கொடி இறங்கியது.

முதல் இரண்டு சுற்றும் பாடம்தான். ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் அக்கா சிக்னல் போட்டார். பந்தயத் தளத்தில்! பின்னால் வந்தவர்கள் குழம்பி வேகத்தைக் குறைத்ததை நான் கண்ணால் பார்த்தேன். "பாரு தம்பி, வளைவுக்கு முன்னாடியே பிரேக்கு. வளைவுல தொடாத. இப்ப மூணு. ஏன் கண்ண மூடுற? கண்ணத் தொற!"

மூன்றாவது சுற்றில் கடைசி வளைவைத் தாண்டியதும் நேர்ப்பாதை விரிந்தது. மூன்றாவது கியர். முதுகு இருக்கைக்குள் புதைந்தது. நான்காவது. டர்போவின் விசில் காதுக்குள் ஊசியாக இறங்கியது. எங்களுக்கு முன்னால் போன இரண்டு கார்கள் பின்னோக்கி வந்து காணாமல் போயின. அக்காவின் இடது கை கியர்க் குச்சிக்குப் போனது.

ஐந்து.

அக்காவின் பேச்சு நின்றுவிட்டது. நான் அறிந்த நாள் முதல், ஓடும் காரில் அவர் வாய் மூடி நான் பார்த்ததில்லை. பயத்தையும் மறந்து திரும்பிப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை, அழவும் இல்லை. தூரத்தில் யாரோ நல்ல சேதி சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்பவர் போல, உதட்டை லேசாகப் பிரித்துக்கொண்டு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆறேழு நொடி இருக்கும். பாதை முடிந்தது. "பிரேக்கு," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மிதித்தார்.

பதினெட்டு பேரில் அக்காவுக்கு ஆறாவது இடம். எல் போர்டைப் பார்த்துச் சிரித்தவர்களில் பாதிப் பேர் அவருக்குக் கீழே. ஆ செங் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். தையல்காரர் ஆ செங்கைக் கட்டிப்பிடித்து அழுதார். மாமா வேலிக் கம்பியைப் பிடித்தபடி கண்ணை மூடி நின்றுகொண்டிருந்தார். முடிந்துவிட்டது என்று நாங்கள் சொன்ன பிறகும் உடனே திறக்கவில்லை.

"எப்படி... இருந்துச்சு?" என்றார்.

"நீங்க போட்ட ரோடு மாதிரி இருந்துச்சுங்க," என்றார் அக்கா.

அடுத்த ஸ்டேஜ் என்னவென்று ஆ செங் ஆவலாகக் கேட்டார். அக்கா நோட்டில் 'பாஸ்' என்று எழுதி, அந்தப் பக்கத்துக்குக் கீழே கோடு இழுத்தார். "நாளைக்கு ஆறு மணிக்குப் பாடம் இருக்கு. கெளம்புங்க." திரும்பும் வழியிலும் முப்பது மைல்தான்.

அதற்கு அடுத்த மாதம் ஐந்தாவது தடவையில் நான் பாஸ் செய்தேன். அந்த மகிழ்ச்சி அடங்குவதற்குள் ஆலை நிர்வாகம் என்னை ஜோகூருக்கு மாற்றியது. சட்டைப் பையில் லைசென்ஸ் இருந்தது, கார் இல்லை. பெட்டியோடு பஸ் நிலையத்துக்குப் போனேன். எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன். அக்காவுக்கு அப்போது பாடம். பார்க்க முடியவில்லை.

நான் ஏறிய கோலாலம்பூர் பஸ் ஊரைத் தாண்டியதும் தற்செயலாகப் பின்கண்ணாடி வழியே பார்த்தேன். சிவப்புக் கார். ஓட்டுபவரின் தலை ஸ்டியரிங்குக்கு மேலே பாதிதான் தெரிந்தது. நான் கையசைத்தேன். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தன.

அந்தப் பஸ் ஒரு கிழட்டுப் பஸ். மேடு வந்தால் முக்கும். அசாம் ஜாவா தாண்டியது, ஈஜோக் வந்தது. வழியெல்லாம் மற்ற கார்களும் லோரிகளும் ஒவ்வொன்றாக எங்களை முந்திப் போய்க்கொண்டிருந்தன. வட்டாரத்திலேயே வேகமான அந்தக் கார் மட்டும் ஈஜோக்கில் ஊருக்குத் திரும்பும் வரைக்கும் எங்கள் பஸ்ஸை முந்தவே இல்லை.